பெட்டிக்கு என்ன பலகை?

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல்தான், வேறு சாக்கு எதுவும் இல்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, மற்ற நேரம் சும்மா இருக்கிறது. மகன் வேலைக்காக வெளியூர் போய்விட்டதால் அவன் அறை இப்போது என் பட்டறை. அவன் அம்மாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காருக்கு 12 அங்குல சப்வூஃபர், அதாவது தாழ்ந்த சத்தத்துக்கான ஸ்பீக்கர், வாங்கியாகிவிட்டது, அதன் பெட்டியை நீயே செய்யப் போகிறாய், எம்.டி.எஃப்பா (மரநாரைப் பிசினோடு அழுத்திய பலகை) பிளைவுட்டா என்று கேட்கிறாய். வேறு யாராவது கேட்டிருந்தால் 18 மி.மீ. எம்.டி.எஃப் வாங்கிக்கொள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். ஆனால் உன் கார் டிக்கியில் மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதுதான் யோசிக்க வைக்கிறது.

நான் முதலில் செய்த பெட்டியின் கதையை உனக்குச் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம். அலமாரி செய்து மிஞ்சிய சாதாரண பிளைவுட்டில் அடித்தேன். பாட்டு தாழ்ந்த சுருதிக்குப் போகும்போதெல்லாம் புர்ர்ரென்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றேன், வயரை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரைத் திட்டினேன். இரண்டு மாதம் கழித்துத்தான் பெட்டியை விரல் கணுவால் தட்டிப் பார்க்கத் தோன்றியது. ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டது. அறுத்துப் பார்த்தால் நடு அடுக்கில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெற்றிடம், அதற்குள் ஒரு சிராய் துடித்துக்கொண்டிருந்தது. வெட்டிய விளிம்பு வழியாகக் காற்றும் கசிந்திருக்கிறது. ஸ்பீக்கர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எம்.டி.எஃப்பில் இந்தத் தொல்லை கிடையாது. எங்கே வெட்டினாலும் உள்ளே ஒரே மாதிரி இருக்கும், விளிம்பு நேராக வரும், மூட்டு இறுக்கமாக உட்காரும். அது அதிர்வை விழுங்கிவிடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். சப்வூஃபர் விஷயத்தில் எனக்கு அது பெரிய வாதமாகப் படவில்லை. உன் ஸ்பீக்கர் பாடப்போவது ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 80 அதிர்வுக்கு, கீழே. உறுதியாகச் செய்த சின்னப் பெட்டியின் சுவர்கள் தாமாக அதிரும் அதிர்வெண் அதற்கு வெகுவாக மேலே இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டே: சுவர் வளையக்கூடாது, காற்று கசியக்கூடாது. ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே தள்ளும்போதெல்லாம் காற்று ஆறு சுவர்களையும் அழுத்துகிறது. சுவர் அதற்கு வளைந்து கொடுத்தால் அந்த அளவு சத்தம் வீண். தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும், உண்மைதான், ஆனால் எடையும் இரட்டிக்குமே. அதற்குப் பதில் நடுவில் ஒரு குறுக்குக் கட்டை கொடுத்துவிடு, போதும். ஸ்பீக்கரோடு வந்த தாளில் போட்டிருக்கும் கொள்ளளவு, அந்தக் கட்டையும் ஸ்பீக்கரும் அடைக்கும் இடம் போக மிஞ்ச வேண்டியது. அதை மறந்துவிடாதே.

எம்.டி.எஃப்பின் எதிரி தண்ணீர். விளிம்பில் ஈரம் பட்டால் ஊதிப் பருத்துவிடும், காய்ந்தாலும் பழையபடி ஆகாது. 18 மி.மீ. பலகை ஒரு சதுர மீட்டருக்குப் பதின்மூன்று பதினான்கு கிலோ தேறும். விளிம்பில் துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துகொள்ளும். அறுக்கும்போது முகமூடி போட்டுக்கொள், அந்தத் தூசி மரத்தூள் மட்டுமல்ல, பிசினும் கலந்தது.

டிக்கி ஒழுகுவது நிற்காது என்றால் பர்ச் மரத்தின் மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்யும் பால்டிக் பர்ச் பிளைவுட் வாங்கு. 18 மி.மீ. பலகையில் 13 அடுக்கு இருக்கும், நடுவில் வெற்றிடம் அநேகமாக இருக்காது. எடை குறைவு, விறைப்பு அதிகம், ஸ்க்ரூவை நன்றாகப் பிடிக்கும். காசு கூடத்தான். அதற்கும் விளிம்பில் வார்னிஷ் அடிக்க வேண்டும். மரச் சில்லுகளை ஒட்டிச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதே. ஃபைபர் கிளாஸ் டிக்கியின் வளைந்த மூலைக்குள் அழகாக உட்காரும், ஆனால் பிசின் நாற்றத்தையும் தேய்ப்பு வேலையையும் உன் பொறுமை தாங்காது. கோபித்துக்கொள்ளாதே.

மரப்பசையை மூட்டு முழுக்கத் தாராளமாகத் தடவு. பெட்டியைப் பிடித்து நிறுத்துவது பசைதான், பசை காயும் வரை அசையாமல் வைத்திருக்கத்தான் ஸ்க்ரூ. உள் மூலைகளுக்கு சிலிகான் பூசினால் அந்த வினிகர் வாடை முழுக்கப் போன பிறகு ஸ்பீக்கரை மாட்டு. அப்புறம் பெட்டியை டிக்கியில் சும்மா வைத்துவிடாதே, போல்ட் போட்டு இறுக்கு. அவ்வளவு கனமான பெட்டி திடீர் பிரேக்கில் பின் சீட்டு மேல் வந்து விழுந்தால் என்ன ஆகும்! துளை போடுமுன் கீழே படுத்து, அங்கே பெட்ரோல் டேங்க் இல்லையே என்று பார்த்துக்கொள்.

பலகை வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய். பின் சீட்டை மடித்துவிட்டு டார்ச்சோடு உள்ளே உட்கார், தம்பியை வெளியே இருந்து தண்ணீர் அடிக்கச் சொல். பின் விளக்கின் ரப்பரிலோ டிக்கிக் கதவின் ரப்பரிலோதான் ஒழுகும் என்பது என் ஊகம். எங்கே என்று கண்டுபிடித்து எழுது. அது ரப்பரோடு போகிற விஷயமென்றால் எம்.டி.எஃப்பே வாங்கிவிடலாம்.

அன்புடன்,
சேகர்