ஆண்கள் ஐக்கிய சங்கம்: 2024ஆம் வருஷ ஆண்டறிக்கை

கர்த்தருக்குள் பிரியமான சேகரகுரு ஐயா அவர்களுக்கும், சங்கத் தலைவர் அண்ணாச்சிக்கும், கமிட்டி மெம்பர்களுக்கும், இன்னைக்கு பொதுக்குழுவுக்கு வந்திருக்கிற எல்லாருக்கும், வர முடியாம அப்புறமா வாட்ஸ்அப்ல வாசிக்கப் போறவங்களுக்கும் ஸ்தோத்திரம்.

முதல்ல வழக்கமா நடந்ததை சொல்லிடுறேன். ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களான லெந்து காலம் பிப்ரவரி 14 சாம்பல் புதன்ல தொடங்கி வெள்ளிக்கிழமை தோறும் தியானக் கூட்டம் நடந்துச்சு. மார்ச் 24 குருத்தோலை பவனிக்கு ஓலை வெட்டிக் கொடுத்தது நம்ம ஆளுங்க தான். ஏப்ரல் 19 எலெக்‌ஷன் வந்ததால அந்த மாசக் கூட்டம் தள்ளிப் போச்சு. மே மாசம் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) பிள்ளைங்களுக்கு மோரும் பிஸ்கட்டும் சங்கச் செலவு. சபை விருந்தான அசனத்துக்கு காய் வெட்டுனது, பரிமாறுனது, கடைசியில அண்டா கழுவுனது வரைக்கும் செஞ்சோம். அறுப்பின் பண்டிகை ஏலம் நல்லபடியா நடந்துச்சு. கேரல் ரவுண்ட்ஸும் குறையில்லாம முடிஞ்சுது.

இனி சனிக்கிழமை ஊழியம், அதாவது கோயிலுக்கு வர முடியாதவங்க வீட்டுக்கு நாம போய் பாடி ஜெபிக்கிறது. இதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா வருஷம் முழுக்க இதுக்கு தான் ஜாஸ்தி கேள்வி வந்துச்சு, கூட்டத்துல கேட்டதை விட டீக்கடையில கேட்டது தான் அதிகம்.

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு, தாமிரபரணி கரை மீறி நம்ம தெருவுக்குள்ள வந்துச்சு. ஒரு வாரத்துல கிறிஸ்மஸ். பாதி வீட்டுல புதுத்துணி கிடையாது, கேக் கிடையாது, வீட்டுக்குள்ள சகதி இன்னும் காயல, நம்ம கோயில்ல பெஞ்சு எல்லாம் வெளிய வெயில்ல கிடந்ததால பாய விரிச்சு தான் உக்காந்தோம். ஆனா அன்னைக்கு சபையில எழும்புன பாட்டு மாதிரி அதுக்கு முன்னால நான் கேட்டதில்ல. பக்கத்து வீட்டுக்காரன் சோறு பொங்கிக் கொடுத்து நம்ம சாப்பிட்ட வாரம் அது. சரி, ரெண்டு மாசம் போச்சு, நிவாரணம் வந்துச்சு, சுவருக்கு வெள்ளை அடிச்சாச்சு, பிரிட்ஜ் புதுசு வாங்கியாச்சு, ஆராதனைக்கு வந்து பாத்தா ஒரு முகத்துலயும் அந்த வெளிச்சம் இல்ல, ஐயா பிரசங்கம் ஆரம்பிக்கிறப்பவே வாட்ச்சை பாக்குறோம். எல்லாம் போனப்ப இருந்த சந்தோஷம் எல்லாம் திரும்பி வந்ததும் எங்க போச்சுன்னு எனக்கு மனசு கேக்கல.

அந்த பாரத்தோட தான் கமிட்டியில ரெண்டு காரியம் வச்சேன். ஒண்ணு, மாசக் கூட்டத்துல பவுல் பிலிப்பி சபைக்கு எழுதுன பிலிப்பியர் நிருபத்தை மட்டும் வரிசையா படிக்கிறது. நாலே அதிகாரம், 104 வசனம். ரெண்டாவது, சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு வர முடியாம வீட்டுலயே கிடக்கிறவங்க கிட்ட நாம போறது, பாடுறது, ஜெபம் பண்ணுறது, அரை மணி நேரம் உக்காந்து பேசுறது, அவ்வளவு தான்.

ஏன் பிலிப்பியர்னு நிறைய பேர் கேட்டாங்க. "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்"ங்கிற வசனம் காலண்டர்ல, கல்யாணப் பத்திரிகையில, வேன் கண்ணாடியில எல்லாம் இருக்கு, ஆனா அதை எழுதுன ஆள் காவல்ல கட்டப்பட்டு கிடந்து எழுதுனாருங்கிறதை நாம யோசிக்கிறதில்ல. சுத்தி அவருக்கு சந்தோஷப்பட என்ன இருந்துச்சு சொல்லுங்க, வெளிய சில பேர் இவருக்கு உபத்திரவம் கூடட்டும்னே போட்டிக்கு பிரசங்கம் பண்ணிட்டு இருக்காங்க, உதவிக்கு வந்த எப்பாப்பிரோதீத்து சாகுற அளவுக்கு வியாதிப்பட்டு பிழைச்சிருக்கார், சபையில ரெண்டு அம்மாமாருக்குள்ள மனஸ்தாபம். இவ்வளவுக்கும் நடுவுல தான் எந்த நிலைமையிலயும் மனரம்மியமா இருக்கக் கத்துக்கிட்டேன்னு எழுதுறார். பவுலே கத்துக்கிட்டு தான் வந்திருக்கார், நாம மட்டும் ஞாயித்துக்கிழமை ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்டு சந்தோஷம் வரலியேன்னு சொன்னா எப்படி? அவர் சும்மா எழுதல, அதே பிலிப்பி ஊர்ல தான முதுகு கிழிய அடி வாங்கி, சிறைச்சாலையில காலை தொழுமரத்துல மாட்டிக்கிட்டு, நடுராத்திரியில சீலாவோட சேர்ந்து பாடுனார்.

கீழத்தெரு ஆச்சியைப் பத்தி சொல்லாம இருக்க முடியாது. பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு, என்ன வேணும்னாலும் இடது கையால கட்டில் சட்டத்தை தட்டுவாங்க, அவ்வளவு தான். முதல் தடவை போனப்ப என்ன பேசுறதுன்னு தெரியாம பழைய கீர்த்தனை ஒண்ணு எடுத்தோம், ரெண்டாவது சரணத்துல கூட ஒரு குரல் சேந்து கேக்குது, திரும்பிப் பாத்தா ஆச்சி பாடுறாங்க, வார்த்தை வார்த்தையா தெளிவா வருது. மருமக அடுப்படியில இருந்து கரண்டியோட ஓடி வந்து நிலையை புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டாங்க. பாட்டு முடிஞ்சு பேச்சு கொடுத்தா மறுபடியும் ஒண்ணும் வரல, திரும்ப பாடுனா வருது. பேச்சு போனவங்களுக்கும் சில நேரம் பாட்டு போகாது, மூளையில அது வேற பக்கமும் இருக்கும்னு நம்ம சபை நர்ஸ் அக்கா விளக்குனாங்க. இருக்கட்டும், அந்தப் பக்கத்தையும் வச்சது கர்த்தர் தான. இப்ப சனிக்கிழமை ஆனா ஆச்சி மத்தியானமே தலை சீவி விடச் சொல்லி கட்டிலை தட்டுறாங்களாம்.

மேலத்தெருவுல ரிட்டயர்டு தபால்கார அண்ணாச்சி, சுகர்ல ஒரு பாதத்தை எடுத்தாச்சு. அவங்க வீட்டுல அந்த சிறைச்சாலை பகுதியை வாசிச்சப்ப, "பவுலுக்கு மாட்டுறதுக்கு ரெண்டு கால் இருந்துச்சு, எனக்கு ஒண்ணு தான, அப்ப நான் இன்னும் சத்தமா பாடலாம்லா"ன்னு சொல்லி சிரிச்சாங்க பாருங்க, ஆறுதல் சொல்லப் போன நாங்க ஆறுதல் வாங்கிட்டு வந்தோம். அடுத்த வீட்டு அம்மா நம்ம சபை கிடையாது, கேட்டுக்கு வெளிய நின்னு கேட்டுட்டு இருந்துட்டு, எங்க மாமியாரும் படுத்த படுக்கை தான், எங்க வீட்டு திண்ணையிலயும் ஒரு பாட்டு பாடிட்டு போங்கன்னு கூப்பிட்டாங்க. சிறைச்சாலையில மத்த கைதிகளும் அந்தப் பாட்டை கேட்டுட்டு இருந்தாங்கன்னு வேதத்துல இருக்கு, அது எனக்கு அன்னைக்கு தான் உறைச்சுது.

இன்னொண்ணு, நம்ம சங்கத்துலயே ஒரு அசன விஷயத்துல பேச்சுவார்த்தை இல்லாம இருந்த ரெண்டு பேர் இருக்காங்க, பேர் சொல்லல, எல்லாருக்கும் தெரியும். பிலிப்பி சபையில மனஸ்தாபப்பட்ட அந்த ரெண்டு அம்மாமார், எயோதியாளும் சிந்திகேயாளும், ஒரே சிந்தையா இருக்கணும்னு பவுல் கெஞ்சுற இடத்தை ஐயா நடத்துனாங்க, யாரும் யாரையும் பாக்கல. அடுத்த சனிக்கிழமை ஆர்மோனியப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் புடிச்சு தூக்கிட்டு வந்தது அந்த ரெண்டு பேரும் தான். வீட்டுக்கு போக்குவரத்து இன்னும் இல்ல, ஆனா பெட்டியை வேற யார் கிட்டயும் கொடுக்க மாட்டேங்கிறாங்க.

இவ்வளவு நடந்தும், சங்கம்னா மாநாடு போடணும், டூர் போகணும், நோயாளி வீட்டுக்கு போறது சேகரகுரு ஐயா வேலைன்னு சில பேர் சொல்றாங்க. டூருக்கு நான் விரோதி இல்ல, தாராளமா போகலாம். ஆனா டூர் போய் வந்த சந்தோஷம் திங்கக்கிழமை வரைக்கும் தான் நிக்குது. ஆச்சி வீட்டுல இருந்து இறங்கி வர்றப்ப எங்களுக்குள்ள இருந்தது அடுத்த சனிக்கிழமை வரைக்கும் நின்னுச்சு, கூட வந்தவங்க இங்க உக்காந்திருக்காங்க, கேட்டுப் பாருங்க. வருத்தம் என்னன்னா, கூட வந்தது எப்பவும் அதே அஞ்சாறு பேர் தான். அசனத்துல கறிக்கு வரிசையில நிக்கிறப்ப சங்கத்துல இத்தனை பேரான்னு இருக்கு, எலெக்‌ஷன் அன்னைக்கு வெளியூர்ல இருந்தெல்லாம் வர்றாங்க, சனிக்கிழமை அஞ்சு மணிக்கு கோயில் வாசல்ல ஆள் இல்ல. வேலை, பிள்ளைங்க டியூஷன், உடம்பு எல்லாம் புரியுது, தினமும் வரச் சொல்லல, மாசத்துல ஒரு சனிக்கிழமை முடியாதா? இப்பல்லாம் ஆராதனையில ஒண்ணும் சந்தோஷமே இல்லன்னு என் கிட்ட குறைப்பட்டவங்க பூரா பேரும் இந்த வராதவங்க தான், இதை குத்திக் காட்ட சொல்லல, அவங்க எதை இழக்குறாங்கன்னு பாத்து எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

சந்தாவும் அப்படித் தான். மாசம் 50 ரூபா. பாதிக்கு மேல பாக்கி, சில பேருக்கு போன வருஷ பாக்கியும் இருக்கு. கட்டுனவங்கள்ல தவறாம மாச மாசம் கட்டுனது யாருன்னா பீடி சுத்துற வீட்டுக்காரங்களும் பனையேறுற அண்ணாச்சியும் தான். மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்துலயும் பரிபூரண சந்தோஷத்தோட அள்ளிக் கொடுத்தாங்கன்னு 2 கொரிந்தியர் 8ல இருக்குல்லா, பிலிப்பி இருக்கிறது அந்த மக்கெதோனியாவுல தான். சந்தோஷம் உள்ளவன் கை தானா திறக்கும், கையை திறந்து பழகுனாலும் சந்தோஷம் வரும், ரெண்டையும் நான் இந்த வருஷம் கண்ணால பாத்தேன்.

வரவு செலவு விவரம் பொருளாளர் அண்ணாச்சி வச்சிருக்காங்க, ஆடிட் முடிஞ்சுது. வரவு போன வருஷத்தை விட கொஞ்சம் குறைவு, செலவு கொஞ்சம் கூடுதல், முக்கியமா ஆர்மோனியம் ரிப்பேரும் மருந்து உதவியும். கடன் இல்ல, கையிருப்பு சொல்லிக்கிற மாதிரி இல்ல. விளக்கம் வேணுங்கிறவங்க கூட்டம் முடிஞ்சு நோட்டை பாக்கலாம்.

சேகரகுரு ஐயாவுக்கும், தலைவருக்கும், கமிட்டிக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும், மைக் செட் தம்பிக்கும், கோயில் வேலைகளை பாக்குற கோயில் குட்டியாருக்கும் நன்றி. பெட்டி தூக்கிட்டு வந்த ரெண்டு பேருக்கும் தனியா நன்றி.

அடுத்த வருஷம் செயலாளரா யார் வந்தாலும் சரி, கமிட்டி என்ன தீர்மானிச்சாலும் நான் கட்டுப்படுறேன், ஆனா சனிக்கிழமையை மட்டும் நிறுத்திடாதீங்கன்னு கேட்டுக்கிறேன். போக வேண்டிய வீடு லிஸ்ட் நீளமா இருக்கு, ஏரல் ரோட்டுல ரெண்டு வீட்டுக்கு வண்டி இல்லாம இன்னும் போகல. பைக் வச்சிருக்கவங்க பின்னால ஒருத்தரை ஏத்திக்கிட்டா போதும். பாட தெரியலன்னு சொல்லாதீங்க, கைத்தாளம் போட ஆள் வேணும். சந்தா பாக்கியை ஜனவரி கடைசிக்குள்ள பொருளாளர் கிட்ட கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க, ஜிபே நம்பர் குரூப்ல இருக்கு. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் 5 மணி, கோயில் வாசல், முதல்ல கீழத்தெரு.

இப்படிக்கு,
கர்த்தருடைய பணியில்,
செயலாளர்