தொட்டியில் வந்தது பூண்டுத்தாள் மட்டும்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாடித்தோட்டப் பக்கத்தில், "கடையில் வாங்கிய பூண்டுப் பல்லைத் தொட்டியில் ஊன்றினால் மூன்றே மாதத்தில் வீட்டுக்குத் தேவையான பூண்டு" என்று போட்டிருக்கிறீர்கள். இதே குறிப்பை இரண்டு வருடம் முன்பும் போட்டீர்கள். தங்களுக்கு மறந்திருக்கும், எங்கள் மொட்டை மாடிக்கு மறக்கவில்லை.

நான் பிறந்தது கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம். குளிர் விழாத ஊரில் பூண்டு பல் பிரியாது என்று சொன்னேன். "புத்தகத்திலேயே போட்டிருக்கும்மா" என்றாள் மகள். மதுரையில் கார்த்திகையில் பன்னிரண்டு தொட்டி ஊன்றி, மாசிக் கடைசியில் பிடுங்கினோம். மேலே தாள் செழிப்பு, அடியில் கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரே உருண்டை. ஒற்றைப்பூண்டு, விலை ஜாஸ்தி என்று அவள் சந்தோஷப்பட்டது வேறு விஷயம்.

எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீங்கள் போட்ட படத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பூண்டு! அப்பா பூண்டைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார். புகை ஏறிப் பழுப்படித்துத்தான் இருக்கும், தொட்டால் கையெல்லாம் கரி.

அப்புறம் அந்த அழகுக் குறிப்பு. பருவின் மேல் பூண்டை நசுக்கி ராத்திரி முழுக்கக் கட்டச் சொன்னீர்கள். என் தங்கை மகன் கட்டினான். காலையில் கன்னத்தில் சூடு வைத்த மாதிரி கொப்புளம். மறுவாரம் அவனுக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. பச்சைப் பூண்டு தோலைப் பொசுக்கும் என்பது தாங்கள் அறியாததா?

குறை மட்டுமே சொல்லக் கூடாது. பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் விட்டு அடுப்பில் போட்டால்தான் பூண்டின் காரத்துக்கும் வாசனைக்கும் காரணமான அல்லிசின் உருவாக அவகாசம் கிடைக்கும் என்று சமையல் பக்கத்தில் எழுதியது சரி. அதை எழுதிய அம்மாவிடமே மாடித்தோட்டப் பக்கத்தையும் கொடுத்துவிடலாம். பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் அரைத்து வடிகட்டிக் கத்தரிச் செடியில் அசுவினிப் பூச்சிக்கு அடிப்பதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால்கூட யாருக்காவது உதவியிருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், "சமவெளியில் ஊன்றினால் தாள் கிடைக்கும், ரசத்துக்குக் கிள்ளிப் போடலாம்" என்று ஒரே ஒரு வரித் திருத்தம். பன்னிரண்டு தொட்டிக்கு ஆன மண் செலவை நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மதுரை