வனவிலங்குகளுக்கான தீவனப் பயிருக்கு உரமிடுவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான், முயல் போன்ற வனவிலங்குகள் மேய்வதற்கென்றே தீவனப் பயிர் விதைப்பவர்களில் பலர், இளம்பயிர் சற்று வெளிறித் தெரிந்ததுமே யூரியா மூட்டையைப் பிரித்துவிடுகிறார்கள். கால்நடைத் தீவனம் வளர்த்துப் பழகிய கை அது. ஆனால், வீட்டு மாட்டை எப்போது மேயவிடுவது என்பதை நாம் முடிவு செய்கிறோம். வேலியில்லாத இந்த நிலத்தில் அதை முடிவு செய்வது விலங்குதான். உரமிடும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டும்.

இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலத்தை வெளிவிடும் நச்சுப்பொருள் இருப்பதால், பூக்கும் முன் அதை மாட்டுக்கு அறுத்துப் போடக்கூடாது என்பது விவசாயிகள் அறிந்ததே. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தாலும், மழை தவறிப் பயிர் வாடினாலும் இந்த நச்சு கூடுகிறது. வாடிய ஓட்ஸ், கம்பு ஆகியவற்றின் அடித்தண்டில் நைட்ரேட் சேர்வதும் இதே போன்ற ஆபத்துதான். மானும் அசைபோடும் விலங்கு. கதிர் வரும்வரை பொறு என்று அதைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. ஆகவே இத்தகைய நிலத்தில் சோளத்தைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

தட்டைப்பயறு, கொள்ளு, குதிரை மசால் போன்றவற்றுக்கு வேர்முடிச்சில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தரும் ரைசோபியம் நுண்ணுயிரை விதையோடு கலந்து விதைத்திருந்தால் மேலுரமாக யூரியா தேவையே இல்லை. இட்டால் வேர்முடிச்சு குறைந்து, புல் களைகளே கொழுக்கும். சில வாரங்கள் கழித்து ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள நைட்ரஜன் செடிக்குக் கிடைக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் எளிதில் நகராது என்பதால், அதை மண் பரிசோதனைப்படி அடியுரமாகக் கலந்துவிட வேண்டும். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவதானால் விதைப்புக்குச் சில மாதங்கள் முன்பே இட வேண்டும். முளைத்த பின் மேலே தூவி இவற்றைச் சரிசெய்ய முடியாது.

ஓட்ஸ் போன்ற தானியப் பயிர்களுக்குத் தழைச்சத்து தேவைதான். பயிர் வேர்பிடித்துத் தூர்கட்டும் பருவத்தில், இலையில் ஈரமில்லாத வேளையில், மிதமான மழையை எதிர்பார்த்துப் பிரித்து இடுவது நல்லது. ஈர இலையில் ஒட்டும் குருணை இலையைக் கருக்கிவிடும். மழையின்றி மண்மேல் கிடக்கும் யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, மூட்டை பிரித்த இடத்தில் சிந்திக் கிடக்கும் யூரியா. அசைபோடும் விலங்கு அதை நக்கித் தின்றால், அதன் இரைப்பையில் யூரியா வேகமாக அம்மோனியாவாக மாறி உயிருக்கே உலை வைத்துவிடும். சிந்தியதை மண்ணோடு சேர்த்து அள்ளி, காலிச் சாக்கையும் அங்கே போடாமல் எடுத்துவர வேண்டும். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் உர அளவுகளை வெளியிடும்போது, இந்த எச்சரிக்கையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்