மாமா இல்லாத பிள்ளைக்கும் ஒரு மேலாள் வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரிகளில் வேலைவாய்ப்பு மையத்தைக் கவனிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் காரைக்குடியில் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் சின்ன அலுவலகம் ஒன்று வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒருவர் இருவரை வேலைக்கு எடுப்பேன். அந்த வகையில் உங்கள் மாணவர்களின் பயோடேட்டாக்கள் என் மேசைக்கு வரும்.

சென்ற ஆடியில் பதினோரு பேர் வந்தார்கள். பதினோரு பயோடேட்டாவிலும் முதல் வரி ஒன்றே: சவாலான சூழலில் தன் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உதவ விருப்பமாம். பலம், கடின உழைப்பு. பொழுதுபோக்கு, பாட்டுக் கேட்பது. அப்பா பெயர், மதம், கடைசியில் 'மேற்கண்டவை உண்மை' என்று ஓர் உறுதிமொழி. ஜெராக்ஸ் கடைக்காரர் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருப்பார் போலும்.

அதில் ஒரு பெண், பி.காம். முடித்தவர். கேட்டதற்கெல்லாம் 'ஆமா சார்', 'இல்ல சார்' என்பதைத் தாண்டிப் பேச்சு வரவில்லை. சரி, போகட்டும் என்று முடிக்கும்போது, வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று சும்மா கேட்டேன். அம்மா மகளிர் குழுவில் இருக்கிறாராம். "குழுக் கணக்கெல்லாம் நான்தான் சார் எழுதுறேன், பதினொண்ணாவதிலேர்ந்து." தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் தவணை, வங்கிக்குப் போய் பாஸ்புக் பதிந்து வருவது, யார் எந்த மாதம் தவணை தவறினார்கள் என்பது வரை எல்லாம் அவர் கையில். நாலைந்து வருஷம் கணக்கு எழுதிய அனுபவம்! பயோடேட்டாவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் போடவில்லை என்றேன். "அது வேலை இல்லையே சார், வீட்டு வேலைதானே" என்றார்.

அவரை எடுத்துக்கொண்டேன். இன்று என் அலுவலகத்தில் ரிட்டர்ன் தேதி தவறாமல் போவதற்கு அவர்தான் காரணம். ஆனால் நான் தற்செயலாகக் கேட்டதை, மூன்று வருஷத்தில் ஒருமுறையாவது கல்லூரியில் யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

குறை சொல்ல எழுதவில்லை. உங்கள் நிலைமை தெரியும். பல கலைக் கல்லூரிகளில் வேலைவாய்ப்பு மையம் என்பது வாரம் பதினாறு மணிநேரம் வகுப்பெடுக்கும் ஓர் ஆசிரியரின் தலையில் கூடுதலாக வைத்த சுமை. தனி அறை கிடையாது, இருந்தாலும் பாதி நாள் பூட்டு. நான் படித்த கல்லூரியில் அந்த அறையில் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பழைய பாடம் உண்டு. பர்மா, மலாயா, இலங்கை என்று நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டிக்கடை வைத்த காலத்தில், பையன் நேரே போய் முதலாளி நாற்காலியில் உட்காரவில்லை. எடுபிடியான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, மேலாளுக்கு உதவும் அடுத்தாளாகி, அப்புறம்தான் கடையையே நடத்தும் மேலாள். எழுத்துக் கூட்டுவதும் பேரேடு போடுவதும் கடன் கேட்டு வந்தவனின் முகம் பார்ப்பதும் எல்லாம் கடையிலேயே பழக்கம். போகுமுன் சம்பளச் சீட்டு எழுதிவிடுவார்கள். எத்தனை வருஷம், என்ன சம்பளம் என்பது கையெழுத்தோடு இருக்கும். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு.

ஆனால் அந்தப் பழக்கமெல்லாம் உறவுக்குள் நடந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மாமாவோ அயித்தானோ இருந்தார். இன்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அப்பா ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் இருப்பார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார். நேர்காணலுக்கு எந்தச் சட்டை போடுவது என்று கேட்கக்கூட அவர்களுக்கு ஆள் இல்லை. அந்த மாமாவின் இடத்தில் உங்கள் மையம் இருக்க வேண்டும், நான் கேட்பது அவ்வளவுதான்.

மாமா என்றால் கடைசி வருஷம் வேலைவாய்ப்பு முகாமுக்கு ஃபிளெக்ஸ் கட்டுகிறவர் இல்லை. முதல் வருஷமே கூப்பிட்டு உட்கார வைத்து, 'லீவில் என்ன செய்தாய்' என்று கேட்கிறவர். பட்டறையில் சிமெண்டும் நிறமும் கலந்த பையனுக்குச் சரக்கு இருப்பும் கூலிக் கணக்கும் தெரியும். கானாடுகாத்தானில் ஹோட்டலான பழைய வீட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டிய பிள்ளைக்கு, இங்கிலீஷ் தடுமாறினாலும், அந்நியரோடு பேசும் தைரியம் வந்திருக்கும். அதைச் சொல்ல அவர்களுக்கு வார்த்தை எடுத்துக் கொடுங்கள். மாதிரி நேர்காணலை முதலில் தமிழிலேயே நடத்துங்கள். என்ன சொல்வது என்பது தெளிந்தால், எந்த மொழியில் சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் 2022-இல் வந்த பிறகு பயிற்சிச் சான்றிதழுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சான்றிதழை வைத்து நாலு வாக்கியம் பேசத்தான் வரவில்லை.

இன்னொன்று, அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஊரில் இன்றைய ஆஃபர் லெட்டரைப் படிக்க ஆளில்லை. 'வருஷம் மூன்று லட்சம்' என்றதும் மாதம் 25,000 என்று வீட்டில் கடன் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 12,500 என்று வையுங்கள். அதில் 12 சதவீதம், 1,500 ரூபாய், பிள்ளையின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி). நிறுவனம் போடும் 1,500-ம் பல இடங்களில் அந்த மூன்று லட்சத்துக்குள்ளேயே அடக்கம். ஐந்து வருஷம் இருந்தால் கிடைக்கும் என்று கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, மாதம் 600 ரூபாய் எழுதிவிடுவார்கள். கைக்கு வருவது 21,400 அளவில், காப்பீட்டுக்குப் பிடித்தால் இன்னும் கீழே. சென்னையில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட ஒரு மணிநேரம் போதும். கூடவே, ஒரிஜினல் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதே, வேலைக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு, இத்தனை வருஷம் வேலையை விடமாட்டேன் என்று எழுதி வாங்கும் பாண்டு என்றால் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்பதையும் சொல்லுங்கள்.

சின்ன விஷயங்களும் உண்டு. சென்னையில் காலை பத்து மணிக்கு நேர்காணல் என்றால் பல்லவன் ரயில் உதவாது. விடியற்காலையில் இங்கே ஏறினாலும் எழும்பூர் போய்ச் சேர மதியம். முந்தின இரவே கிளம்ப வேண்டும், குளித்துச் சட்டை மாற்ற ஓர் இடம் வேண்டும். உங்கள் பழைய மாணவர்கள் சென்னையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்கள் போன் நம்பரை, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அரசு வேலைக்கான தேர்வு எழுதுவோர் பயிற்சிக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. இதுகூடத் தெரியாத பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

ஆண்டறிக்கையில் 'இத்தனை பேருக்குப் பணி ஆணை' என்று போடுகிறீர்கள். அதில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் அதே வேலையில் இருக்கிறார்கள், விட்டு வந்தவர் ஏன் வந்தார் என்று ஒரு போன் செய்து கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். எண்ணிக்கை குறையலாம், நிர்வாகம் முகம் சுளிக்கலாம். அடுத்த வருஷம் எந்த நிறுவனத்தை உள்ளே விடக்கூடாது என்பது அந்த நோட்டில்தான் தெரியும்.

எனக்கு மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வேலை குறைவு. மாதிரி நேர்காணலுக்கு ஆள் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். பொன்னாடை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம். அந்தக் குழுக் கணக்கு எழுதிய பெண்ணையும் அழைத்து வருகிறேன். என்னைவிட அவர் பேசினால் பிள்ளைகள் கேட்பார்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு வரி ஆலோசகர்