ஆண்டறிக்கை: நம் பெண்கள் காப்பகம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நம் சாப்டர் (உள்ளூர் ஆட்சி மன்றம்) கூடத்தில் நடந்தன. பனி உருகி மண்சாலை சேறான மாதம் மட்டும் கூட்டம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வீட்டில் அடிபடும் பெண்களுக்காக நாம் கட்டப்போகும் காப்பகத்தைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

நம் பழங்குடியின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாடு அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் சுமார் 27,000 சதுர மைல் பரந்து கிடக்கிறது. அடிபட்ட பெண் ஒருத்தி ராத்திரியில் பிள்ளைகளோடு இங்கிருந்து கிளம்பினால், இப்போது இருக்கும் காப்பகத்துக்குப் போய்ச்சேர இரண்டு மணி நேரம் ஆகிறது. அதற்கும் வண்டிச் சாவி அவள் கையில் இருக்க வேண்டும். அமெரிக்கப் பழங்குடிப் பெண்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வாழ்நாளில் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்று அமெரிக்க அரசின் தேசிய நீதி நிறுவனத்தின் 2016 ஆய்வு சொல்கிறது. நிதி விண்ணப்பத்தில் அதைத்தான் முதல் வரியாக எழுதினோம். எழுதி முடித்ததும் குழுவில் இருந்த பெண்கள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

ஆண்டின் பெரும்பகுதி நிலத்துக்கே போனது. நம் நிலம் மத்திய அரசு நமக்காகத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் நிலம். விலை கொடுத்து வாங்கிவிட முடியாது. மேய்ச்சல் சீட்டு வைத்திருப்பவரின் சம்மதம், சாப்டர் தீர்மானம், தொல்லியல் ஆய்வு, சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் முடிந்த பிறகுதான் குத்தகை. ஓர் அலுவலகத்தில் நம் கோப்பு காணாமல் போய், முதலிலிருந்து எல்லாவற்றையும் கொடுத்தோம். அந்த மாதங்கள் வீணானதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

மேய்ச்சல் சீட்டு வைத்திருக்கும் பாட்டி முதலில் மறுத்துவிட்டார். ஆடுகள் எங்கே போகும் என்று கேட்டார், நியாயமான கேள்வி. நாலு தடவை போய் உட்கார்ந்தோம். குலமுறை சொல்லிப் பார்த்ததில் குழுவில் இருவர் அவருக்குப் பேத்தி முறை. அப்புறம்தான் மனம்விட்டுப் பேசினார். அந்தக் காலத்தில் வீடு பெண்ணுடையது, வேண்டாத புருஷனின் சேணத்தைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தால் போதும், அவன் போய்விட வேண்டும் என்றார். இப்போது பெண் அல்லவா வெளியே ஓடுகிறாள் என்று கண் கலங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இடத்தைப் பற்றி நமக்குள்ளேயே கடுமையான விவாதம் நடந்தது. மேசா எனும் தட்டை உச்சிக் குன்றின் அடிவாரத்து மனை மறைவானது. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் இல்லை. நம் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லாதபோது, காப்பகத்துக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிடுமா? நெடுஞ்சாலையோர மனையில் இரண்டும் உண்டு. யார் வண்டி எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில் முகவரியை ரகசியமாக வைக்க முடியாது. ஆகவே நெடுஞ்சாலையோரமே என்று முடிவு செய்தோம். சுற்றுச்சுவர், பூட்டும் வாயில், கேமரா, இரவுக் காவல் எல்லாம் உண்டு. இது சரியான முடிவு என்றே நான் நம்புகிறேன்.

வரைபடத்தில் இரண்டு மாற்றங்கள். முற்றத்தில் கிழக்கு பார்த்த வாசலோடு ஒரு ஹோகன், நம் பாரம்பரிய வீடு. சடங்கு தேவைப்படும் பெண்ணுக்கு அங்கேயே நடக்கும். பின்பக்கம் ஓர் ஆட்டுப்பட்டி. நிதி தருபவர்களுக்கு அது புரியவில்லை, விளக்கிச் சொன்னோம். ஆடுகளையும் நாயையும் அடிக்கிற புருஷனிடம் விட்டுவர மனமில்லாமல் அடி வாங்கிக்கொண்டே இருக்கும் பெண்களை நமக்குத் தெரியும்.

தொண்டர் பயிற்சி இரண்டு முறை நடந்தது. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 1994 மத்திய சட்டத்தின்படி நவஹோ நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவை மூன்று மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்பது பலருக்குப் புதிய செய்தி. உறவுக்காரப் பெண்களிடம் சொல்லி வையுங்கள்.

குத்தகை கைக்கு வந்துவிட்டது. அடித்தளம் தோண்டுமுன் வேலி போட வேண்டும். கம்பு நட ஆள் தேவை. பிக்கப் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்