இரண்டாவது பெயரையும் பார்த்து ஓட்டுப் போடு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி இந்த வாரம் கொஞ்சம் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் "சரிம்மா, ஒரு வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாய். வரலாறு எடுத்த வாத்தியாரம்மாவிடம் பாதிப் பேச்சில் போனை வைத்தால் இப்படித்தான் கடிதம் வரும். பொறுமையாகப் படி.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாயிற்று. வருகிற அதிபர் தேர்தலில் உனக்கு முதல் ஓட்டு. "அதிபர் வேட்பாளரைப் பார்த்தால் போதும்மா, துணை அதிபர் சும்மா கூட ஒட்டிக்கொண்டு வருகிற பெயர்தானே" என்றாய். உங்கள் நாட்டின் முதல் துணை அதிபர் ஜான் ஆடம்ஸே அந்தப் பதவியைப் பற்றி அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார், நீ சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆனால் இதுவரை அமெரிக்காவில் அதிபர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் 45 பேர். அதில் 9 பேர், துணை அதிபராக இருக்கும்போது மேலே இருந்தவர் செத்தோ பதவி விலகியோ அந்த இடத்துக்கு வந்தவர்கள். ஐந்தில் ஒருவர். அவர்களுக்கு யாரும் அதிபர் என்று நினைத்து அன்றைக்கு ஓட்டுப் போடவில்லை. பெரும்பாலும் கட்சியோ வேட்பாளரோ, தேர்தல் அவசரத்தில், பக்கத்தில் நிற்க வைத்த ஆட்கள் அவர்கள்.

ஆரம்பத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலம்தோறும் இருக்கிற தேர்வாளர்கள் போடும் வாக்கு. அப்போது ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்கு. அதில் அதிக வாக்கு வாங்கியவர் அதிபர், அடுத்து வந்தவர் துணை அதிபர். 1796-இல் ஆடம்ஸ் ஜெயித்தார், அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்சன் அவருக்கே துணை அதிபர் ஆனார். எப்படி ஒத்துப்போகும்? 1800-இல் ஜெஃபர்சனும் அவர் கட்சிக்காரர் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்கு வாங்கிச் சமமாக நின்றார்கள். பிரதிநிதிகள் சபையில் 36 முறை வாக்கெடுத்துத்தான் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு 1804-இல் 12-வது திருத்தம் கொண்டுவந்து இரண்டு பதவிக்கும் வாக்கைப் பிரித்தார்கள். அப்புறம் ரொம்ப காலத்துக்குக் கட்சிப் பெரிய மனிதர்கள் மாநாட்டில் கூடிப் பேசி, எந்தக் கோஷ்டிக்கு எதைக் கொடுத்தால் சமாதானம் ஆகும் என்று கணக்குப் போட்டு, இரண்டாவது இடத்தை முடிவு செய்தார்கள்.

அந்தக் கணக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 1944-ஐச் சொல்வேன். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாலாவது முறை நிற்கிறார். அவருக்கு இதயம் பழுதாகிக்கொண்டிருப்பதை அந்த வருஷம் மார்ச்சிலேயே டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். ஊருக்குத்தான் தெரியாது, கட்சியில் மேலே இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். தாங்கள் தேர்ந்தெடுக்கப்போவது துணை அதிபரை அல்ல, அடுத்த அதிபரை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அப்போது துணை அதிபராக இருந்த ஹென்றி வாலஸைக் கழற்றிவிட வேண்டும் என்று குறியாக இருந்தார்கள். ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? மாநாட்டுத் தலைவருக்கு "என் ஓட்டு வாலஸுக்குத்தான்" என்கிற மாதிரி ஒரு கடிதம். அந்த இடத்துக்கு ஆசைப்பட்ட ஜேம்ஸ் பர்ன்ஸிடம் நம்பிக்கை தரும் பேச்சு. கட்சித் தலைவரிடம் "ட்ரூமனோ டக்ளஸோ, யாரானாலும் சரி" என்று இன்னொரு கடிதம். மிசௌரி செனட்டர் ஹாரி ட்ரூமன் சிகாகோ மாநாட்டுக்கு வந்ததே பர்ன்ஸை முன்மொழிவதற்காக! அவரை ஓட்டல் அறையில் உட்கார வைத்து, ரூஸ்வெல்ட் போனில் கோபமாகப் பேசுவது அவர் காதில் விழும்படி செய்துதான் சம்மதம் வாங்கினார்கள்.

ஜெயித்த பிறகாவது பக்கத்தில் உட்கார வைத்து விஷயங்களைச் சொன்னாரா? அதுவும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்தார். ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாள். பதவிப் பிரமாணம் எடுத்த அன்று சாயங்காலம்தான் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் அவரைத் தனியாக அழைத்து, பயங்கரமான புது ஆயுதம் ஒன்று தயாராகிறது என்று கோடி காட்டினார். முழு விவரம் ஏப்ரல் 25-இல்தான் கிடைத்தது. ஹிரோஷிமா ஆகஸ்ட் 6. அணுகுண்டைப் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு, அப்படி ஒன்று இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ரூஸ்வெல்ட்டை நான் பெரிய தலைவர் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் நடந்துகொண்டதற்கு நான் மார்க் போட மாட்டேன். ட்ரூமன் சமாளித்தது நாட்டின் அதிர்ஷ்டம்.

நான் சொல்ல வருவது இதுதான், செந்தில். வேட்பாளர்கள் பேசுவதெல்லாம் வாக்குறுதி. இப்போதெல்லாம் துணையைத் தேர்ந்தெடுப்பது கட்சிப் பெரியவர்கள் அல்ல, வேட்பாளரேதான். பதவிக்கு வருவதற்கு முன்பு, நம் கண் முன்னால், அவர்களே எடுக்கிற ஒரே பெரிய முடிவு துணை வேட்பாளர் யார் என்பது. நேரம் குறைவு, தகவல் அரைகுறை, ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள், தப்பினால் திரும்ப வாங்க முடியாது. அதிபர் மேஜைக்கு வருகிற காரியம் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும். அதனால் யாரைப் பிடித்தார்கள் என்பதோடு, எப்படிப் பிடித்தார்கள் என்றும் பார்க்கச் சொல்கிறேன்.

1972-ஐ எடுத்துக்கொள். ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் மெக்கவர்ன் மயாமி பீச் மாநாட்டில் வேட்பாளர் ஆகிவிட்டார். மறுநாள் ஜூலை 13. சாயங்காலத்துக்குள் துணை வேட்பாளர் பெயர் கொடுத்தாக வேண்டும். எட்வர்ட் கென்னடி வேண்டாம் என்றார். செனட்டர் வால்டர் மாண்டேல் வேண்டாம் என்றார். இன்னும் சிலரும் கையை விரித்தார்கள். கடைசியில் மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனுக்குப் போன். மெக்கவர்ன் பேசினார், அவர் உடனே ஒப்புக்கொண்டார். பிறகு உதவியாளர் போனை வாங்கி, பழைய காலத்தில் சங்கடம் தரும்படி ஏதாவது உண்டா என்று கேட்க, இல்லை என்று பதில் வந்தது. அவ்வளவுதான் விசாரணை. நம் வீட்டு மாடிக்கு வாடகைக்கு ஆள் வைக்கும்போது உன் அப்பா இதைவிட நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பார்.

அன்று ராத்திரி மாநாட்டில் ஆளாளுக்கு வேடிக்கையாக யார் யார் பெயரையோ துணை அதிபர் பதவிக்கு முன்மொழிந்து இழுத்தடித்ததில், மெக்கவர்ன் ஏற்புரை பேச வரும்போது விடியற்காலை மூன்று மணியை நெருங்கிவிட்டது. நாடே தூங்கிக்கொண்டிருந்தது. சில நாளில் விஷயம் வெளியே வந்தது. ஈகிள்டன் 1960-களில் மனச்சோர்வுக்காக மூன்று முறை ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார், மின் அதிர்ச்சி சிகிச்சையும் நடந்திருக்கிறது. ஜூலை 25 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டி அவரே சொன்னார். மெக்கவர்ன் "ஆயிரம் சதவீதம்" அவர் பக்கம் நிற்பதாகச் சொன்னார். ஜூலை 31-இல் ஈகிள்டன் விலகினார். பதினெட்டு நாள் வேட்பாளர்.

மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வது தப்பே இல்லை, அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. மிசௌரி மக்கள் 1974-இலும் 1980-இலும் அவரையே மறுபடி செனட்டுக்கு அனுப்பினார்கள். மெக்கவர்னின் குறை வேறு. தேர்ந்தெடுப்பதற்கு முன்பு உட்கார்ந்து விசாரிக்கவில்லை. விஷயம் தெரிந்த பிறகு நிதானமாக யோசிக்காமல் வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கை ஒரு வாரத்தில் விட்டுவிட்டார். நவம்பரில் 49 மாநிலத்தில் தோற்றார். நிக்ஸனை வெல்வது எப்படியும் கஷ்டம்தான், தோல்வியை இதன் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் ஜனங்கள் அவரைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தச் சூட்டுக்குப் பிறகுதான் 1976-இல் ஜிம்மி கார்ட்டர் ஆட்களை ஜார்ஜியாவில் தன் ஊர் பிளெய்ன்ஸுக்கே வரவழைத்து, மணிக்கணக்காகப் பேசிப் பார்த்து மாண்டேலைத் தேர்ந்தெடுத்தார். ஜெயித்த பிறகு வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அவருக்கு அறை கொடுத்தார், தனக்கு வருகிற காகிதங்களைக் காட்டினார். இப்போது வரிக்கணக்கு, மருத்துவச் சீட்டு, பழைய பேச்சு எல்லாவற்றையும் வக்கீல்கள் துருவித்தான் பெயர் வெளியே வருகிறது. இதிலும் வேடிக்கை உண்டு. 2000-இல் ஜார்ஜ் புஷ், ஆள் தேடிக் கொடுக்கச் சொல்லி டிக் சேனியை நியமித்தார். மற்றவர்களின் ஜாதகத்தையெல்லாம் வாங்கிப் பார்த்த சேனியே கடைசியில் வேட்பாளர் ஆனார். வரன் தேடப் போன தரகரே மாப்பிள்ளையாகி மணையில் உட்கார்ந்த கதை! அதிலும் ஒரு இடைஞ்சல். 12-வது திருத்தத்தின்படி ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் இரண்டு பதவிக்கும் தங்கள் மாநிலத்துக்காரர்களுக்கே வாக்களிக்க முடியாது. புஷ்ஷும் டெக்ஸஸ், சேனி குடியிருந்ததும் டெக்ஸஸ். அறிவிப்புக்கு நாலு நாள் முன்பு சேனி வயோமிங்குக்குப் போய் வாக்காளர் பதிவை மாற்றிக்கொண்டு வந்தார். டெக்ஸஸுக்கு 32 வாக்கு. அந்த வருஷம் அவர்கள் ஜெயித்தது 271-இல், தேவை 270. அந்த ஒரு பதிவு இல்லாவிட்டால் என்ன கூத்து நடந்திருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

மாநிலக் கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2024-இல் உங்கள் பென்சில்வேனியா கவர்னர் ஷபிரோவை விட்டுவிட்டு மினசோட்டாவின் டிம் வால்ஸை கமலா ஹாரிஸ் எடுத்ததால்தான் தோற்றார் என்று உன் நண்பர்கள் சொன்னதாகச் சொன்னாய். ஷபிரோ வந்து, அவரால் பென்சில்வேனியாவின் 19 வாக்கும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். கமலாவுக்குக் கிடைத்த 226-உம் இந்த 19-உம் 245, தேவை 270. அப்போதும் தோல்விதான். சொந்த மாநிலத்தைத் தூக்கிக் கொடுத்த துணை வேட்பாளர் என்றால் எல்லோரும் 1960-இன் லிண்டன் ஜான்சனைத்தான் காட்டுவார்கள். ஜான் கென்னடிக்கு டெக்ஸஸின் 24 வாக்கு கிடைத்தது, உண்மை. ஆனால் 1988-இல் டுகாகிஸ் அதே டெக்ஸஸின் பென்ட்சனை வைத்துக்கொண்டும் டெக்ஸஸில் தோற்றார்.

கென்னடி கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஜான்சன் அவரை எதிர்த்து வேட்பாளர் ஆகப் பார்த்தவர். தம்பி ராபர்ட்டுக்கு ஜான்சனைக் கண்டாலே ஆகாது. லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டலில் ஜான்சன் அறைக்கே போய், ஒதுங்கிக்கொள்ளுங்களேன் என்று பேசிப் பார்த்தார். ஜான்சன் நகரவில்லை. மூன்று வருஷம் கழித்து டல்லஸில் கென்னடி கொல்லப்பட்டதும் அவர்தான் அதிபர். நிற பேதத்தைத் தடை செய்த 1964-இன் குடிமை உரிமைச் சட்டத்தை செனட்டின் பிடிவாதக்காரர்களிடமிருந்து பிடுங்கி நிறைவேற்றியதும் அவரே, வியட்நாமில் நாட்டை ஆழமாக இறக்கிவிட்டதும் அவரே.

தன்னைத் திட்டியவரையே பக்கத்தில் வைத்துக்கொள்வது இதோடு நிற்கவில்லை. ரீகனின் பொருளாதாரத் திட்டத்தை மாந்திரீகம் என்கிற மாதிரி கேலி செய்த மூத்த புஷ்ஷையே 1980-இல் ரீகன் துணையாக எடுத்தார். 2019 விவாத மேடையில் பைடனை உலுக்கிய கமலாவை அடுத்த வருஷம் பைடன் எடுத்தார். அன்றைக்கு இங்கே பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் பேனர் என்ன, சாமிக்கு அர்ச்சனை என்ன! அவருடைய தாத்தா ஊர் ஆயிற்றே. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஊர் பாசம் ஓட்டுக்குக் காரணம் ஆகாது என்று அன்றைக்கே உன் அத்தையோடு வாக்குவாதம். 2016-இல் டிரம்பைக் கடுமையாக விமர்சித்த வான்ஸை 2024-இல் டிரம்ப் எடுத்தார். மூன்று பேரும் பழசை மறந்தார்கள். ஆனால் எதற்காக மறந்தார்கள் என்பதில்தான் ஆள் ஆளுக்கு வித்தியாசம் இருக்கிறது. எதிர்த்துப் பேசத் தைரியமுள்ள ஒருவர் கூட இருக்கட்டும் என்றா, இல்லை, முன்பு எதிர்த்தவரே இப்போது பணிந்துவிட்டார் என்று ஊருக்குக் காட்டவா? யார் எந்த வகை என்று நான் சொல்ல மாட்டேன். உன் ஓட்டு உன்னுடையது.

நீ பார்க்க வேண்டியது இவ்வளவுதான். பெயர் அறிவித்த அன்று, மேல இருப்பவருக்கு மறுநாளே ஏதாவது ஆனால் இவர் கையில் நாட்டைக் கொடுக்கலாமா என்று யோசி. இவரை எத்தனை நாள் பார்த்தார்கள், நேரில் உட்கார்ந்து பேசினார்களா என்று பேப்பரில் வரும், படி. ஏதாவது குறை வெளியே வந்தால் வேட்பாளர் முதல் வாரத்தில் என்ன பேசுகிறார், மூன்றாவது வாரத்தில் என்ன பேசுகிறார் என்று கவனி.

வாக்காளர் பதிவு முடித்துவிட்டாயா? உங்கள் மாநிலத்தில் தேர்தலுக்கு 15 நாள் முன்பு வரை நேரம் உண்டு என்று கடைசி நாள் வரை இழுக்காதே, உன் சுபாவம் எனக்குத் தெரியும். தீபாவுக்கு மாவடு ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் யாராவது பிட்ஸ்பர்க் பக்கம் வந்தால் சொல், கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா
மன்னார்குடி