தனுஷ்கோடியில் அடுத்த கச்சேரிக்கு நாள் குறிக்குமுன்

பழஞ்சின்னங்களில் இலவச இசை நிகழ்ச்சி நடத்தும் அதிகாரிகளுக்கும் விழாக் குழுவினருக்கும்,

வணக்கம். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன்னால் வைத்த வீணைக் கச்சேரி ஏன் பாதியில் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். மழை பெய்யவில்லை, கூட்டமும் கலையவில்லை. வீணையின் மெட்டுகள், அதாவது தந்திகளுக்கு அடியில் ஸ்வரங்களைப் பிரித்துக் காட்டும் உலோகக் கட்டைகள், நகர்ந்துவிட்டன. அடுத்த முறையும் பிற்பகலில், தகரப் பந்தலில்தான் என்று பேச்சு அடிபடுகிறது. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: கச்சேரியைக் காலையில், காற்று மறைவில், பெரிய ஒலிபெருக்கி இல்லாமல் வையுங்கள்.

வீணைக்கு 24 மெட்டுகள். அவை ஆணி அடித்து நிறுத்தியவை அல்ல, கரி கலந்த தேன்மெழுகில் பதித்தவை. பிற்பகல் மூன்று மணிக்குத் தகரத்தின் அடியில், மைக் சரிபார்க்கிறோம் என்று வாத்தியத்தை ஒரு மணி நேரம் வைத்தால் மெழுகு இளகும். இளகிய மெழுகின் மேல் கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிக்க, தந்தியை இழுக்க இழுக்க மெட்டு மயிரிழை மயிரிழையாய் நகரும். காந்தாரம் (‘க’ ஸ்வரம்) தன் இடத்தில் நிற்காது. தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகினால் வெறும் தந்தி சுருதி சேரும், மெட்டுகளில் ஒலிக்கும் ஸ்வரஸ்தானம் சேராது. திரும்ப மேளம் கட்டித்தான், அதாவது மெழுகிட்டு மெட்டுகளைச் சரியான இடத்தில் பதித்துத்தான் ஆகவேண்டும். அது கைதேர்ந்தவர் நிதானமாக உட்கார்ந்து காதால் செய்யும் வேலை. மேடையில் நடக்காது. செலவும் வாசித்தவர் தலையில்தான் விழும். இதை ஒரு கலைஞருக்கு இனியொரு முறை செய்யாதீர்கள்.

மிருதங்கத்துக்கு வேறு பாடு. ஈரத்தைத் தோல் குடித்து வலந்தலையின் (வலப்பக்க முகத்தின்) சுருதி இறங்கும். இடப்பக்க முகமான இடந்தலையில் அப்பிய ரவைப் பசையைக் காற்று உலர்த்தி உதிர்க்கும். பாட்டுக்குப் பாட்டு கல்லும் கட்டையுமாகத் தட்டிச் சேர்ப்பதிலேயே நேரம் போகிறது.

ஒலிபெருக்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். மைக்கின் மேல் கடற்காற்று மோதினால் உறுமல்தான் கேட்கும். ஒலியைக் கூட்டினால் உறுமலும் கூடும். போதாததற்கு ஜெனரேட்டர் காற்று வரும் பக்கமாக நின்றது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். ஆகவே ஆட்களை அருகில் உட்கார வைப்பதுதான் வழி. அரைவட்டமாகப் பாய் விரித்து, முதல் வரிசையை மேடையிலிருந்து ஆறடியிலும் கடைசி வரிசையை முப்பதடிக்குள்ளும் வைத்தால் நூற்றைம்பது பேர் தெளிவாகக் கேட்கலாம். ஐந்நூறு பேர் வருவார்கள் என்றால் அடுத்தடுத்த நாளில் இன்னொரு கச்சேரி வையுங்கள்.

அந்தச் சுவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் பவளக்கல் சுவர்கள் அவை. உப்பில் அரித்துப் பொருபொருவென்று இருக்கின்றன. அவற்றில் விளம்பரத் தட்டிக்குக் கயிறு கட்டியவர்களை யாரும் தடுக்கவில்லை. ஒலிப்பெட்டியைச் சாய்த்து வைத்தவர்களையும் தடுக்கவில்லை. சின்னத்தைக் காட்டத்தானே அங்கே கச்சேரி வைக்கிறீர்கள்? இலவசம் என்றால் கேட்பவர்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள், வாசிப்பவர்கள் எங்கேயும் உட்காருவார்கள் என்ற எண்ணம் இந்த மாவட்டத்தில் பல நிகழ்ச்சிகளில் ஊறிப்போய்விட்டது. பாடகர் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரை இராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகள் ஆதரித்த சீமை இது. மிருதங்கத்தில் முருகபூபதி தம் பெயருக்கு முன்னால் சுமந்த ஊர் இராமநாதபுரம். இங்கே ஒரு வித்வானுக்கு நிழலும் அமைதியும் தர முடியவில்லை என்பது எங்களுக்கு ஆறவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். செய்யக் கூடியதைப் பணிவாகவே கேட்கிறோம். வாடைக் காற்று தணிந்து, கச்சான் என்னும் மேல்காற்று எழும்பாத பிப்ரவரி, மார்ச்சில் வையுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்தால் மெழுகு இளகாது. மாலைக்கு மேல் அங்கே ஆட்களை விடாத கட்டுப்பாடும் குறுக்கே வராது. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று முந்தின நாள் படகு இறக்குகிறவர்களைக் கேட்டு, காற்று படாதபடி சுவரின் மறுபுறம் மேடை போடுங்கள். மேடை சுவரிலிருந்து பத்தடி தள்ளியே இருக்கட்டும். பின்னால் எட்டடி உயரத்துக்கு ப்ளைவுட் பலகை நிறுத்தினால் காற்றையும் மறைக்கும், ஒலியையும் முன்னால் அனுப்பும். குழி தோண்டாமல் மணல் மூட்டையால் தாங்குங்கள். மூட்டை குறைந்தால் பலகை பாய் மாதிரி காற்றில் சாயும். விடிகாலையில் பனி ஈரம் இருக்கும் என்பதால் வாத்தியங்களை உறையோடு வைக்க மூடிய வண்டி ஒன்றும், உபரி மிருதங்கம் ஒன்றும் தேவை. ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். காலை வெளிச்சத்துக்கு விளக்கு எதற்கு? இராமேஸ்வரத்திலிருந்து ஐந்து மணிக்கு இரண்டு பேருந்து விட்டால் வயதானவர்களும் வந்து சேர்வார்கள்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் வாசிக்கப் போகும் கலைஞர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போய் இடத்தைக் காட்டுங்கள். காலையில், காற்று மறைவில், பெரிய ஒலிபெருக்கி இல்லாமல் என்ற இந்த மூன்றையும் ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் தந்தால், பாய் விரிக்கவும் மணல் மூட்டை கட்டவும் நாங்கள் ஆள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரைப் பகுதி இசை ரசிகர்கள்